வொர்க்கர்ஸ் காம்ப் செட்டில்மென்ட்டில் வக்கீல் கட்டணம்: 15 சதவீதம், ஆனால் எதன் மேல்?

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டு, வழக்கு செட்டில்மென்ட்டுக்கு வந்து நிற்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "வக்கீலுக்கு எத்தனை பர்சன்ட் போகும்?" கலிஃபோர்னியாவில் அதற்குப் பதில் சுலபம். 9 முதல் 15 வரை என்பார்கள். இன்றைக்குப் பெரும்பாலான வழக்குகளில் 15தான். அந்தப் 15 எந்தத் தொகையின் மேல் போடப்படுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கைக்கு வரும் செக் கூடுவதும் குறைவதும் அங்கேதான்.

அமெரிக்காவில் வொர்க்கர்ஸ் காம்பன்சேஷன் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். மத்திய அரசு ஊழியர்களுக்கு வேறு சட்டம். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா சொன்ன கணக்கு சான் ஹோசேயில் வேலை செய்யாது. இந்த வழிகாட்டி கலிஃபோர்னியாவை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகிறது. வேறு சில மாநிலங்களின் கணக்கு கடைசிக்கு முந்தைய பகுதியில் சுருக்கமாக இருக்கிறது.

படி 1: வக்கீலை அமர்த்தும் நாளில்

முன்பணம் கிடையாது. லேபர் கோட் பிரிவு 4906-ன்படி, இந்த வழக்குகளை விசாரிக்கும் மேல்முறையீட்டு வாரியம் கட்டணத்தை நிர்ணயிக்கும்வரை வக்கீல் உங்களிடம் பணம் கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. நீங்களும் அவரும் தனியாக 25 சதவீதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், நியாயமான அளவுக்கு மேல் அந்த ஒப்பந்தம் செல்லாது. "ஃபைல் திறக்க 500 டாலர்" என்று யாராவது கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அன்றைக்கே கட்டண விவர அறிக்கை என்ற படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். அதைப் படிக்காமல் போடாதீர்கள். வழக்கமான கட்டண வரம்பு அதில் இருக்கும். வக்கீலே இல்லாமல், அரசின் இன்ஃபர்மேஷன் அண்ட் அசிஸ்டன்ஸ் அதிகாரியிடம் இலவசமாக உதவி பெறலாம் என்பதும் அதில் இருக்கும். காயத்தைக் கம்பெனி ஒப்புக்கொண்டு, சிகிச்சை ஒழுங்காக நடந்து, சிறிய அளவு ஊனம்தான் என்றால் அந்த அதிகாரியே போதும் என்பதுதான் உண்மை. காயத்தையே மறுக்கிறார்கள், சிகிச்சையை நிறுத்துகிறார்கள், டாக்டர் அறிக்கையில் தகராறு என்றால் வக்கீல் வேண்டும்.

நீதிபதி கட்டணத்தை முடிவு செய்யும்போது நான்கைப் பார்ப்பார்: வக்கீல் ஏற்ற பொறுப்பு, காட்டிய கவனம், செலவிட்ட நேரம், பெற்றுத் தந்த பலன். நடைமுறையில் இவை 15-ஐக் குறைக்கவோ, மிக அரிதாகக் கூட்டவோ உதவும் வாதங்கள். இரண்டே கடிதம் எழுதி முடிந்த வழக்குக்கு 15 கேட்டால் நீதிபதி குறைக்கலாம்.

நம் ஆட்கள் தயங்கும் இரண்டு விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். விசா நிலை எதுவானாலும், விசாவே இல்லாவிட்டாலும், இந்தச் சட்டத்தின் பலன் உண்டு. வாக்குமூலத்துக்கும் டாக்டர் பரிசோதனைக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் அந்தச் செலவு இன்சூரன்ஸ் கம்பெனியுடையது; உங்கள் செட்டில்மென்ட்டில் இருந்து கழிக்கக் கூடாது.

படி 2: எந்த வகை செட்டில்மென்ட் என்று பாருங்கள்

கலிஃபோர்னியாவில் இரண்டே வகை.

ஒன்று ஸ்டிபுலேஷன். உங்கள் நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்று இருதரப்பும் ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கான பணம் வாராந்திரக் கணக்கில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். அந்தக் காயத்துக்கான மருத்துவச் செலவை இன்சூரன்ஸ் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று காம்ப்ரமைஸ் அண்ட் ரிலீஸ். எல்லோரும் சி அண்ட் ஆர் என்றுதான் சொல்வார்கள். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வழக்கை மூடிவிடுவது. எதிர்கால மருத்துவமும் அதோடு முடிந்தது. நாளைக்கு முதுகில் அறுவை சிகிச்சை என்றால் உங்கள் பாடு.

இந்த வித்தியாசம் கட்டணக் கணக்கை அடியோடு மாற்றுகிறது. ஸ்டிபுலேஷனில் 15 சதவீதம் ஊனத் தொகையின் மேல் மட்டும். மருத்துவத்தின் மேல் கட்டணம் இல்லை. சி அண்ட் ஆரில் மொத்தத் தொகையின் மேல். எதிர்கால மருத்துவத்துக்கென்று கொடுத்த பணமும் அந்த மொத்தத்துக்குள் இருக்கிறது.

படி 3: ஸ்டிபுலேஷன் கணக்கு

முதலில் ஊனத் தொகை. 2014 ஜனவரி 1-க்குப் பிறகு ஏற்பட்ட காயங்களுக்கு ஊனத் தொகை வாரத்துக்கு அதிகபட்சம் 290 டாலர், குறைந்தபட்சம் 160 டாலர். முழுநேர வேலையில் நல்ல சம்பளம் வாங்கியவர்களுக்கு 290தான். ஊன சதவீதம் ஏற ஏற வாரங்கள் வேகமாக ஏறும்: 10 சதவீதத்துக்கு 30.25 வாரம், 15-க்கு 50.5, 20-க்கு 75.5, 25-க்கு 100.75, 30-க்கு 131 வாரம்.

20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 75.5 வாரத்தை 290-ஆல் பெருக்கினால் 21,895 டாலர். அதில் 15 சதவீதம் 3,284.25 டாலர். இதுதான் வக்கீல் கட்டணம்.

இதை எங்கிருந்து எடுப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. ஏற்கெனவே சேர்ந்து நிற்கும் பாக்கித் தொகை இருந்தால் அதிலிருந்து எடுப்பார்கள். இல்லையென்றால் கடைசி வாரங்களில் இருந்து. வெறுமனே வகுத்துப் பார்த்தால் 11.3 வாரப் பணம். ஆனால் பின்னால் வரவேண்டிய பணத்தை வக்கீலுக்கு இப்போதே கொடுப்பதால் ஆண்டுக்கு 3 சதவீதக் கழிவு போடுவார்கள்; அதனால் வெட்டப்படும் வாரங்கள் சற்றுக் கூடும். வாராவாரம் வரும் தொகை குறையாது, கடைசிச் செக் மட்டும் முன்னதாகவே நின்றுவிடும். இது தெரியாமல் "ஏன் இரண்டரை மாதம் முன்பே பணம் நின்றது?" என்று அட்ஜஸ்டருக்கு, அதாவது உங்கள் வழக்கைக் கவனிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி ஊழியருக்கு, ஃபோன் போடுபவர்கள் நிறைய.

ஊனம் 70 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் ஆயுள் ஓய்வூதியமும் உண்டு. அங்கே கட்டணத்தைக் கடைசியில் இருந்து வெட்ட முடியாது, ஆயுளின் கடைசி எது என்று யாருக்குத் தெரியும்? அதனால் மொத்த மதிப்பைக் கணக்கிட்டு, ஒவ்வொரு வாரத் தொகையிலும் சமமாகக் கொஞ்சம் குறைப்பார்கள்.

தற்காலிக ஊனப் பணம் (குணமாகும்வரை வேலைக்குப் போக முடியாத காலத்துக்குத் தருவது) நின்ற 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் நிரந்தர ஊன முன்பணத்தை அனுப்பத் தொடங்க வேண்டும். வக்கீல் சேர்ந்ததும் அட்ஜஸ்டருக்கு, அதில் 15 சதவீதத்தை நிறுத்தி வைக்கும்படி கடிதம் போவது வழக்கம். திடீரென்று 290-க்குப் பதில் 246.50 வந்தால் பதறாதீர்கள், மீதி 43.50 கட்டணத்துக்காக இன்சூரன்ஸிடம் நிற்கிறது. ஆனால் அந்தத் தொகை எவ்வளவு சேர்ந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செட்டில்மென்ட் நாளில் அதை மறந்துவிட்டு முழு 15-ஐயும் மறுபடி கழிப்பது நடக்கக்கூடிய தவறு.

படி 4: சி அண்ட் ஆர் படிவத்தில் 7-ஆம் பத்தி

சி அண்ட் ஆர் படிவம் பல பக்கம். நேரமில்லை என்றால் 7-ஆம் பத்தியையாவது கையில் பேனாவோடு படியுங்கள். மொத்தத் தொகை எவ்வளவு, அதில் இருந்து என்னென்ன கழிகிறது, மீதி எவ்வளவு என்பது அங்கேதான் வரிவரியாக இருக்கிறது. கழிவுகள் இவை: குறிப்பிட்ட தேதிவரை கொடுத்த ஊன முன்பணம், தற்காலிக ஊனத்தில் அதிகமாகக் கொடுத்திருந்தால் அது, வேறு யாருக்காவது போக வேண்டியது, வக்கீல் கேட்கும் கட்டணம். கடைசியில் "மீதி" என்று ஒரு எண்.

ஒரு கணக்கு. செட்டில்மென்ட் 80,000 டாலர். இதற்கு முன் 32 வாரம் 290 வீதம் முன்பணம் வாங்கியிருக்கிறீர்கள், அதாவது 9,280 டாலர்.

மொத்தம் 80,000
முன்பணம் கழிவு 9,280
வக்கீல் கட்டணம், 80,000-ல் 15 சதவீதம், 12,000
மீதி 58,720

"80,000-ல் 15 போனால் 68,000" என்று வீட்டில் கணக்குப் போட்டு வைத்தவருக்கு இந்த 58,720 அதிர்ச்சி. முன்பணத்தை நீங்கள் ஏற்கெனவே வாங்கிச் செலவு செய்துவிட்டீர்கள் என்பது ஒரு பக்கம். கட்டணம் அந்த முன்பணத்தின் மேலும் போடப்பட்டிருக்கிறது என்பது இன்னொரு பக்கம். புதிதாக வரும் 70,720-ல் 12,000 என்றால் கிட்டத்தட்ட 17 சதவீதம். இது முறைகேடு இல்லை. முன்பணமும் ஊனத் தொகையின் பகுதிதான். ஆனால் வக்கீலே சேராத காலத்தில் இன்சூரன்ஸ் தானாகக் கொடுத்த முன்பணம் என்றால், "அதில் உங்கள் உழைப்பு என்ன?" என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. சிலர் விட்டுக்கொடுப்பார்கள்.

பேச்சுவார்த்தையில் "நியூ மனி" என்ற சொல் அடிபடும். 80,000 நியூ மனி என்றால் முன்பணம் போக 80,000. அப்போது மொத்தம் 89,280, கட்டணம் 13,392, உங்களுக்கு 66,608. அதே "80,000" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம், இடையில் 7,888 டாலர் வித்தியாசம். வக்கீல் ஃபோனில் "80 தருகிறார்கள்" என்றால் அடுத்த வாக்கியமே "முன்பணம் உட்படவா, போகவா?" என்று இருக்க வேண்டும்.

இன்னொரு சிறு பள்ளம். முன்பணக் கழிவு ஒரு தேதிவரைதான் எழுதப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு கொடுப்பதும் கழியும் என்று படிவமே சொல்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டு, நீதிபதி ஒப்புதல் வர ஆறு வாரம் ஆனால், 580 டாலர் வீதம் மூன்று செக் வந்திருக்கும். 1,740 கழிந்து செக் 56,980-க்கு வரும். பணம் எங்கும் போகவில்லை, முன்னாலேயே வந்துவிட்டது. கையெழுத்துக்கு முன் அட்ஜஸ்டரிடம் பட்டுவாடாப் பட்டியலைக் கேட்டு வாங்கி, உங்கள் வங்கிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். தற்காலிக ஊனமாகக் கொடுத்த வாரங்களை நிரந்தர ஊன முன்பணமாக எழுதி வைத்திருந்தால், பிடிபடுவது இந்த ஒப்பீட்டில் மட்டும்தான்.

இரண்டில் எது? வக்கீலின் கணக்கும் உங்கள் கணக்கும்

அதே 20 சதவீத ஊன வழக்கு. ஸ்டிபுலேஷன் என்றால் வக்கீலுக்கு 3,284.25. 60,000 டாலருக்கு சி அண்ட் ஆர் என்றால் 9,000, ஒரே செக்கில். வக்கீலுக்கு எந்தப் பக்கம் சாய்வு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக சி அண்ட் ஆர் சொல்லும் வக்கீல் எல்லாம் தன் பையைப் பார்க்கிறார் என்று இல்லை. வேலையை விட்டு வேறு ஊர் போகிறவர், வேறு நல்ல மருத்துவக் காப்பீடு உள்ளவர், ஒவ்வொரு எம்.ஆர்.ஐ-க்கும் இன்சூரன்ஸோடு மல்லுக்கட்டி வெறுத்துப் போனவர், இவர்களுக்கு மொத்தமாக வாங்குவது சரியாக இருக்கலாம். கேட்க வேண்டியது ஒன்றே: 60,000-ல் ஊனத்துக்கு 21,895 என்றால் மீதி 38,105 எதிர்கால மருத்துவத்துக்கு விலை. அதில் 15 சதவீதம், 5,715.75, கட்டணமாகப் போகும். கையில் நிற்கும் 32,389.25 டாலரில் டாக்டர் எழுதிய எதிர்காலச் சிகிச்சை நடக்குமா? மருத்துவ அறிக்கையில் "அறுவை சிகிச்சை தேவைப்படலாம்" என்ற வரி இருந்தால் இந்தக் கணக்கைப் போடாமல் கையெழுத்து வேண்டாம்.

படி 5: கட்டணம் போடக் கூடாத பணம்

தகராறு இல்லாமல் இன்சூரன்ஸ் தானாகக் கொடுத்து வந்த தற்காலிக ஊனப் பணம், டாக்டருக்கு நேரடியாகப் போகும் பில், டாக்டரிடம் போய்வந்த மைலேஜ், இவற்றில் வழக்கமாகக் கட்டணம் இல்லை. வேறு வேலை கற்றுக்கொள்ள வரும் 6,000 டாலர் வவுச்சரிலும் இல்லை. அது ரொக்கமே இல்லை. அந்த வவுச்சர் பெற்றவர்கள் மாநிலத்திடம் தனியாக விண்ணப்பித்து வாங்கும் 5,000 டாலர் துணைத்தொகை செட்டில்மென்ட்டோடு சேராதது. அதற்கு நீங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

விதிவிலக்கு: மறுத்து வைத்திருந்த தற்காலிக ஊனப் பணத்தை வக்கீல் போராடி மொத்தமாக வாங்கித் தந்தால் அதில் கட்டணம் கேட்கலாம், நீதிபதியும் தருவார்.

சில வேலைகளுக்கு வக்கீலின் ஊதியத்தை எதிர்த்தரப்பே தர வேண்டும். உங்களை வாக்குமூலத்துக்கு அழைத்தது இன்சூரன்ஸ் என்றால், அன்றைக்கு உங்கள் வக்கீல் செலவிட்ட நேரத்துக்குப் பிரிவு 5710-ன் கீழ் அவர்கள் கொடுக்க வேண்டும். அது உங்கள் 15-க்கு வெளியே. பணத்தைக் காரணமில்லாமல் தாமதித்ததற்கு அபராதம் வாங்கும் வழக்கிலும் அப்படி ஒரு வழி இருக்கிறது. வாக்குமூல நாளின் கட்டணம் செட்டில்மென்ட் கழிவில் எட்டிப் பார்த்தால் கேள்வி கேளுங்கள்.

செலவு என்ற வரியையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் தகராறைத் தீர்க்கும் கியூ.எம்.இ டாக்டரின் அறிக்கைக்கு இன்சூரன்ஸ்தான் பணம் கட்டுகிறது. அதனால் இங்கே வழக்குச் செலவு என்று பெரிய தொகை கழியக் காரணம் குறைவு. கழிந்தால் ரசீது கேளுங்கள்.

படி 6: மெடிகேர், சோஷியல் செக்யூரிட்டி

மெடிகேர் (முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு) பெறுபவர் என்றாலோ, விரைவில் பெறப்போகிறவர் என்றாலோ, சி அண்ட் ஆரில் ஒரு பகுதியைக் காயத்தின் சிகிச்சைக்கென ஒதுக்க வேண்டியிருக்கும். இதை எம்.எஸ்.ஏ என்பார்கள். ஏற்கெனவே மெடிகேரில் இருந்து மொத்தத் தொகை 25,000 டாலருக்கு மேல் போனாலோ, 30 மாதத்துக்குள் மெடிகேர் வரும் என்ற எதிர்பார்ப்போடு தொகை 2,50,000-க்கு மேல் போனாலோ, ஒதுக்கீட்டை மெடிகேர் நிர்வாகம் பரிசீலிக்கும். அந்த ஒதுக்கீட்டுப் பணத்தில் இருந்து வக்கீல் கட்டணம் எடுக்கக் கூடாது.

இதன் விளைவைப் பாருங்கள். மொத்தம் 2,00,000, எம்.எஸ்.ஏ 60,000. கட்டணம் மொத்தத்தின் மேல் 30,000. ஆனால் அது மீதமுள்ள 1,40,000-ல் இருந்துதான் வர வேண்டும். சுதந்திரமாகச் செலவழிக்கக் கைக்கு வருவது 1,10,000. வக்கீலிடம் எம்.எஸ்.ஏ-வைத் தவிர்த்து, 1,40,000-ன் மேல் மட்டும் கட்டணம் போடுங்கள் என்று கேட்டால் 21,000. 9,000 டாலர் கேட்டுப் பார்க்கத் தகுந்த தொகை. எம்.எஸ்.ஏ-வைக் கணக்கிட்டு ஒப்புதல் வாங்கியதில் அவர் உழைப்பு பெரிதாக இருந்தால் நீதிபதி மொத்தத்தின் மேலும் அனுமதிப்பார்.

சோஷியல் செக்யூரிட்டி ஊனப் பணம் பெறுபவர்களுக்கு இன்னொரு நுணுக்கம். அந்தப் பணமும் வொர்க்கர்ஸ் காம்ப் பணமும் சேர்ந்து, முன்பு வாங்கிய சராசரிச் சம்பளத்தின் 80 சதவீதத்தைத் தாண்டினால் சோஷியல் செக்யூரிட்டி குறையும். வக்கீல் கட்டணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் அது எவ்வளவு என்பது ஆவணத்தில் இருக்க வேண்டும். அதோடு, மொத்தத் தொகையை உங்கள் எஞ்சிய ஆயுட்காலத்துக்குப் பரப்பி எழுத வேண்டும். கட்டணம் போக 68,000, எதிர்பார்க்கும் ஆயுள் இன்னும் 300 மாதம் என்றால், மாதத்துக்கு 226.67 டாலர் என்று சி அண்ட் ஆரிலேயே ஒரு வாக்கியம். அது இல்லையென்றால் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் நீங்கள் முன்பு வாங்கிய வாராந்திரத் தொகையின்படி கணக்குப் போட்டு, இரண்டு மூன்று வருடத்துக்கு மாதப் பணத்தைப் பெரிதாக வெட்டலாம். ஒரே வாக்கியம்தான், வக்கீல் வாங்கும் கட்டணத்துக்குச் செய்ய வேண்டிய வேலைகளில் இது முதல் வரிசை.

வருமான வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். காயத்துக்கான வொர்க்கர்ஸ் காம்ப் தொகைக்கு மத்திய வருமான வரி இல்லை. அதனாலேயே அதற்குக் கொடுத்த கட்டணத்தை வரியில் கழிக்கவும் முடியாது.

வக்கீலை மாற்றினால்

மாற்றலாம். பழைய வக்கீல் தன் வேலைக்கான பங்குக்கு வழக்கின் மேல் உரிமை கோரி மனு போடுவார். புதியவரும் பழையவரும் அந்த ஒரே 15-ஐப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். உங்களுக்கு 30 ஆகாது. அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் கட்டணத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்து, உங்கள் மீதியை விடுவிக்கும்படி எழுதச் சொல்லுங்கள். அவர்கள் சண்டைக்காக உங்கள் செக் காத்திருக்கக் காரணமில்லை. சிக்கல் வேறு இடத்தில்: 15-ல் பாதி ஏற்கெனவே இன்னொருவருக்குப் போகும் என்று தெரிந்தால் வழக்கை எடுக்கப் புதியவர் தயங்குவார். மாற்றுவதென்றால் சீக்கிரம் மாற்றுங்கள்.

அடிபட்டதற்கு வெளியார் காரணம் என்றால், உதாரணமாக டெலிவரிக்குப் போகும்போது வேறொரு கார் இடித்தால், அந்தக் காரோட்டி மேல் தனி வழக்கு போடலாம். அங்கே கட்டணம் வேறு, மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் சாதாரணம். இரண்டு ஒப்பந்தத்தையும் ஒரே காகிதத்தில் கலந்து கையெழுத்து வாங்க விடாதீர்கள்.

படி 7: நீதிபதியிடம்

நீதிபதி ஒப்புதல் இல்லாமல் எந்த செட்டில்மென்ட்டும் செல்லாது; கட்டணமும் அதே உத்தரவில்தான் வரும். அதிகம் என்று தோன்றினால் கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் சொல்லுங்கள். ஒத்துவரவில்லை என்றால், தொகைக்கு மட்டும் சம்மதம், கட்டணத்துக்கு ஆட்சேபம் என்று நீதிபதியிடம் எழுதிக் கொடுக்கலாம். வக்கீல் வழக்கத்துக்கு மேல் உயர்த்திக் கேட்டால், இந்த விஷயத்தில் தன் நலனும் உங்கள் நலனும் எதிரெதிர் என்றும், நீங்கள் வேறு வக்கீலிடம் ஆலோசனை பெறலாம் என்றும் எழுத்தில் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் வராமல் 15-க்கு மேல் ஒரு எண்ணைப் பார்த்தால் அது ஒன்றே போதுமான ஆட்சேபம்.

உத்தரவு வந்த பிறகு மறுபரிசீலனை மனுவுக்கு 20 நாள். கலிஃபோர்னியாவுக்குள் தபாலில் வந்திருந்தால் இன்னும் 5 நாள். இந்தக் கெடுவுக்கு இரக்கம் கிடையாது.

வேறு மாநிலங்களில்

60,000 டாலர் செட்டில்மென்ட்டை எடுத்துக்கொண்டு நான்கு இடத்தில் போட்டுப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவில் 15 சதவீதம், 9,000. இல்லினாயில் உச்சவரம்பு 20, அதாவது 12,000. டாக்டர் வாக்குமூலம் போன்ற வழக்குச் செலவு பெரும்பாலும் தனியாக உங்கள் பங்கில் இருந்து கழியும். ஜார்ஜியாவில் உச்சவரம்பு 25, அதாவது 15,000. 100 டாலருக்கு மேல் எந்தக் கட்டணத்துக்கும் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஃபுளோரிடாவில் படிக்கட்டு: முதல் 5,000-க்கு 20, அடுத்த 5,000-க்கு 15, அதற்கு மேல் 10 சதவீதம். 1,000, 750, 5,000 என்று கூட்டினால் 6,750.

ஃபுளோரிடாவின் படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 107.2 மணி நேரம் உழைத்த வக்கீலுக்கு இந்த அட்டவணைப்படி வந்தது 164.54 டாலர், மணிக்கு 1.53 டாலர். கட்டணம் நியாயமற்றது என்று நிரூபிக்கவே இடம் தராத அட்டவணை அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 2016-ல் காஸ்டெல்லனோஸ் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் மிகக் குறைந்தாலும் தொழிலாளிக்கு நஷ்டம்தான், சின்ன வழக்கை யாரும் எடுக்க மாட்டார்கள்.

டெக்சாஸ் தனி ரகம். அங்கே வக்கீலுக்கு மணிக் கணக்கில் கட்டணம். ஆனால் நீங்கள் பெறும் தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் வாரச் செக்கில் இருந்தே கழியும். எத்தனை மணி நேரம் பில் போட்டார் என்பதைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

படி 8: உத்தரவுக்குப் பிறகு

கலிஃபோர்னியாவில் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு செக் எழுதும், ஒன்று வக்கீலுக்கு, ஒன்று உங்களுக்கு. சி அண்ட் ஆர்களில் உத்தரவில் இருந்து 30 நாளுக்குள் என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். காரணமில்லாமல் தாமதித்தால், தாமதித்த தொகையில் 25 சதவீதம்வரை, 10,000 டாலரைத் தாண்டாமல், பிரிவு 5814-ன்படி அபராதம் கேட்கலாம். செக் வந்ததும் 7-ஆம் பத்தியின் மீதியை எடுத்து, அந்தத் தேதிக்குப் பிறகு வந்த முன்பணத்தைக் கழித்துப் பாருங்கள். எண் பொருந்தாவிட்டால், செக்கை வங்கியில் போடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே வக்கீல் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஃபோன் பேச்சு கணக்கில் வராது.